கண்கட்டு வித்தையும் காதும்

சென்ற இதழில் வெளியான, மெய்நிகர் கருவிகள் மூலம் இளம் வாத்தியக்காரர்களுக்குப் பயிற்சி தருவது பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, இது ஏதோ விளம்பரத்தின் மொழிபெயர்ப்போ என்ற சந்தேகத்தில். இரண்டாம் தடவை, இல்லை, எழுதியவர் வாஸ்தவமாகவே நம்பித்தான் எழுதியிருக்கிறார் என்ற வருத்தத்தில். கட்டுரையாளர் எனக்கு நண்பர். கவிதையில் ஒரு சொல் மிகையாக விழுந்தாலும் பொறுக்காதவர். அவரே 'கண்–கை ஒத்திசைவு' என்ற தொடரைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதிவிட்டு, அதற்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை ஓரிடத்திலும் சொல்லாமல் விட்டிருக்கிறார். சம்பந்தம் வெளிப்படை என்பது அவர் எண்ணம் போலும். எனக்கு வெளிப்படையாக இல்லை. வாத்தியம் கற்கத் தொடங்கும் குழந்தையின் கண்ணையும் கையையும் நேராக முடிந்துவிடுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் கெடுதல் என்று நான் நினைக்கிறேன். நடுவில் காது என்று ஒன்று இருக்கிறது. நண்பரின் கட்டுரையில் அந்தச் சொல் மூன்று இடத்தில் வருகிறது. அதில் ஒன்று, ஹெட்செட்டின் பட்டை காதை அழுத்தாமல் மென்மையாக இருக்கிறது என்ற தகவல்.

கருவியைத் தெரியாதவர்களுக்காக: முகத்தை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு குழந்தை பியானோ முன் உட்காருகிறது. ஹெட்செட்டின் முன்பக்கக் காமிராக்கள் அறையையும் கட்டைகளையும் படம்பிடித்துக் கண்ணெதிரே காட்டுகின்றன. அந்தப் படத்தின் மேல் வண்ணப் பட்டைகள் மேலிருந்து இறங்கி அந்தந்தக் கட்டையின் மேல் வந்து விழுகின்றன. பட்டை தொடும் கணத்தில் கட்டையை அழுத்த வேண்டும். பட்டை தீர்ந்ததும் விரலை எடுக்க வேண்டும். சரியாக நடந்தால் மதிப்பெண். மெட்டா க்வெஸ்ட் ஹெட்செட்டில் ஓடும் பியானோவிஷன் இந்த ரகம். இதன் வம்சாவளி 2005இல் வந்த கிட்டார் ஹீரோ என்ற விளையாட்டில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கிட்டாருக்குத் தந்தி கிடையாது. 5 வண்ணப் பொத்தான்கள்தான். அதைப் பார்த்துப் பியானோ ஹீரோ என்று ஒன்று வந்தது. பெயர்த் தகராறில் அது சிந்தீசியா ஆயிற்று. 2011இல் ராக்ஸ்மித் அசல் கிட்டாரையே சொருகிக்கொள்ள இடம் கொடுத்தது. திரையில் விழுந்துகொண்டிருந்த பட்டை இப்போது கட்டையின் மேலேயே விழுகிறது. முன்னேற்றம் இவ்வளவே.

'மெய்நிகர்' என்ற சொல்லை உண்டாக்கியவர் யாரானாலும், தன்னை அறியாமல் ஒரு வம்பை அதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் மொழியில் மெய் என்றால் உண்மை மட்டுமல்ல, உடம்பும்தான். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று பொறிகளை எண்ணும்போது கண் நடுவில் வருகிறது. ஹெட்செட்டில் அதுவே தலைவர். வாத்தியம் என்பது மெய்யும் செவியும் சம்பந்தப்பட்ட விவகாரம். விரல் நுனியில் தந்தியின் முறுக்கம், கட்டையின் எடை, அது மேலெழும்போது விரலைத் தள்ளும் தள்ளல், அதே கணத்தில் காதில் விழும் நாதம்: இந்த இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொள்வதைத்தான் சாதகம் என்கிறோம். கண்ணுக்கு இதில் வேலை உண்டு. வாசற்காவலாளி வேலை.

நண்பர் விமானிகளையும் அறுவைச் சிகிச்சை நிபுணர்களையும் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். பாவனைக் கருவியில் பழகிய விமானி நன்றாக ஓட்டுகிறான், ஆகவே பாவனைக் கருவியில் பழகிய குழந்தை நன்றாக வாசிக்கும். இந்த 'ஆகவே'தான் என் சண்டை. சாட்சிகளைச் சற்றுக் கூர்ந்து விசாரிப்போம்.

முதல் விமானப் பயிற்சிக் கருவியைச் செய்த எட்வின் லிங்க், வேடிக்கையாக, வாத்தியத் தொழிற்சாலையில் வளர்ந்தவர். நியூயார்க் மாநிலத்து பிங்காம்டனில் அவர் தகப்பனாரின் தொழிற்சாலை தானே வாசிக்கும் பியானோக்களையும் சினிமாக் கொட்டகை ஆர்கன்களையும் செய்துகொண்டிருந்தது. அந்த ஆர்கன்களின் துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டுதான் 1929இல் அவர் ஓடாத விமானத்தைச் செய்தார். துருத்தி உப்பினால் விமானம் ஒருபக்கம் சாயும், சுருங்கினால் மறுபக்கம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொருட்காட்சிகளில் விளையாட்டுச் சாமானாகவே போயிற்று. 1934இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஏற்று நடத்தியபோது, மேகத்திலும் பனியிலும் திசை தெரியாமல் விமானிகள் அடுத்தடுத்து விழுந்து செத்தார்கள். அதன் பிறகு ராணுவம் 6 கருவிகள் வாங்கியது.

ஏன் விழுந்தார்கள் என்பதுதான் இங்கே விஷயம். மேகத்துக்குள் அடிவானம் தெரியாது. அப்போது விமானி தன் உடம்பை நம்புகிறான். சமநிலையைச் சொல்லும் உறுப்பு உட்செவியில் இருக்கிறது. மெதுவாகச் சாய்ந்துகொண்டே போகும் விமானத்தில் உட்செவி பொய் சொல்லும்; நேராகப் பறக்கிறோம் என்று அடித்துச் சொல்லும். லிங்க்கின் கருவி கற்பித்த பாடம்: உன் காது சொல்வதைக் கேளாதே, முள் காட்டுவதைப் பார். காதைக் கண்ணால் அடக்கு. விமானிக்கு அது உயிர் காக்கும் பாடம், மறுக்கவில்லை. ஆர்கன் துருத்தியில் பிறந்த கருவி, காதை நம்பாதே என்று சொல்லக் கற்றுக்கொண்டு, ஒரு நூற்றாண்டு கழித்து, அதே பாடத்தோடு பியானோ முன் உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் திரும்பி வந்திருக்கிறது.

அறுவைச் சிகிச்சைச் சாட்சியும் அப்படித்தான். 2002இல் யேல் பல்கலைக்கழகத்தார் 16 பயிற்சி மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை மெய்நிகர் கருவியில் பழக்கினார்கள். பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை அவர்கள் 29 சதவீதம் விரைவாகச் செய்தார்கள், தவறுகளும் குறைந்தன. நல்ல காரியம். ஆனால் துளை வழியாகச் செய்யும் அந்தச் சிகிச்சையில் மருத்துவர் நிஜமாகவே ஒரு திரையைப் பார்த்துக்கொண்டுதான் கையை அசைக்கிறார். பயிற்சியும் திரை, தொழிலும் திரை. பித்தப்பை ஸ்வரம் பேசுவதில்லை. பியானோவில் கையின் காரியம் முடிந்த பிறகு கிடைக்கிற பொருள் கண்ணுக்குத் தெரியாதது. அதன் தராதரத்தைக் கண் எப்படித் தீர்மானிக்கும்?

காதும் கூடவே கேட்டுக்கொண்டுதானே இருக்கிறது, அதை யார் தடுத்தார்கள் என்று நண்பர் கேட்கலாம். கண் தடுக்கிறது. 1974இல் கொலவிட்டா என்ற உளவியலாளர் ஒரு எளிய சோதனை செய்தார். விளக்கு எரிந்தால் ஒரு பொத்தான், ஓசை கேட்டால் இன்னொரு பொத்தான். நடுநடுவே இரண்டையும் ஒரே கணத்தில் கொடுத்தார். அந்தச் சமயங்களில் ஆட்கள் பெரும்பாலும் விளக்கின் பொத்தானையே அழுத்தினார்கள். ஓசை வந்ததே தெரியவில்லை என்றும் சிலர் சொன்னார்கள். காது கெட்டவர்களல்ல. கண் கூப்பிட்டபோது காது வாயை மூடிக்கொண்டது. வளர்ந்தவர்களிடமே இப்படியென்றால், வண்ணப் பட்டை மழையில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பத்து வயசுக் குழந்தையின் காதுக்கு என்ன கதி என்பதை நண்பர் ஒரு கணமாவது யோசித்திருக்கலாம்.

நான் யோசித்தது ஏட்டை வைத்து மட்டுமல்ல. என் தங்கையின் பேத்திக்கு 11 வயது. வெளிநாட்டிலிருந்து அவள் மாமா கொண்டுவந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கீபோர்டில் பீத்தோவனின் 'ஃபூர் எலீஸெ'யை எனக்கு வாசித்துக் காட்டினாள். தொடக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டைக்கும் நடுவே ஊசலாடுமே, அதைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிவிட்டு, பாதியில் கீபோர்டின் ஒலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனேன். "தாத்தா, சத்தம் போயிடுச்சு" என்றாள். விரல் நிற்கவில்லை. கடைசிப் பட்டை வரைக்கும் அழுத்தி முடித்தாள். மதிப்பெண் முன்னதைவிட இரண்டு கூடுதல். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வாசித்ததைப் பாடிக் காட்டச் சொன்னேன். சற்று நேரம் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க விழும்னு தெரியும் தாத்தா. எப்படிக் கேக்கும்னுதான் சரியா ஞாபகம் வரல."

கெட்டிக்காரக் குழந்தை. என் அறுபத்தெட்டு வருஷத்தில் சங்கீதம் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஓசையில்லாத கட்டையில் பயிற்சி செய்த வித்வான்கள் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இங்கே உள்ளே ஒன்றுமில்லாமலேயே காரியம் முழுசாக நடந்து முடிகிறது. கருவியும் அதை முழுசாக மெச்சுகிறது. ஒலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மதிப்பெண் தருகிற ஒன்றை சங்கீதப் பயிற்சி என்று எந்த அகராதியை வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்?

புதுமை என்று கொண்டாடுகிறார்களே, இதன் தாத்தா 200 வயது தாண்டியவர். டப்ளினில் இருந்த லோஜியர் என்ற ஜெர்மானியர் 1814இல் கைரோபிளாஸ்ட் என்ற சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கட்டைகளுக்கு முன்னால் இரண்டு மரச் சட்டங்கள்; நடுவில் மணிக்கட்டு. ஒவ்வொரு விரலுக்கும் பித்தளை அறை. போதாததற்கு, எந்தக் கட்டைக்கு எந்தக் குறிப்பு என்று காட்டும் பலகை ஒன்றையும் கட்டைகளின் பின்னால் நிறுத்தினார்கள். கண்ணுக்கு நேரே கட்டையின் பெயர், கைக்குப் பூட்டு. பட்டை விழவில்லை, அவ்வளவுதான் குறை. வரிசையாகப் பியானோக்களைப் போட்டு ஒரே சமயத்தில் பல குழந்தைகளுக்குப் பாடம் நடத்தினார் லோஜியர். 1820களில் பிரஷ்ய அரசு அவரை பெர்லினுக்கே அழைத்தது. அரசாங்கங்களுக்கு இப்படிப்பட்டவை எப்போதும் பிடிக்கும், எண்ணிக் காட்டலாமல்லவா. லோஜியரோடு சேர்ந்திருந்த கால்க்பிரென்னர் பிற்பாடு பாரிஸில் கையைத் தாங்கும் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார். 1831இல் பாரிஸுக்கு வந்த 21 வயது ஷோபானிடம், மூன்று வருஷம் என்னிடம் கற்றுக்கொள் என்றவர் இவர்தான். ஷோபான் மரியாதையாக நழுவிவிட்டார். அதே சமயத்தில் ஜெர்மனியில் ஷூமன் விரலைப் பலப்படுத்த ஒரு சாதனத்தைப் பயன்படுத்தினார். அவருடைய வலக்கை விரல் செயலற்றுப் போயிற்று. சாதனம்தான் காரணமா என்று இன்றும் வழக்கு நடக்கிறது. அதில் நான் வக்காலத்து வாங்கவில்லை.

இதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால், 1716இல், கிளாவ்சன் வாசிப்பது பற்றி கூப்ரான் எழுதிய சிறிய புத்தகம் ஒன்று உண்டு. பிரெஞ்சு அரசவையில் ராஜகுமாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அதில் சொல்கிறார்: சில உருப்படிகளாவது கையில் ஏறிய பிறகுதான் குழந்தைகளுக்குக் குறிப்பைக் காட்ட வேண்டும், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது விரல் தடம் மாறாமலிருப்பது அனேகமாக அசாத்தியம். ஆரம்ப நாட்களில், பாடம் முடிந்ததும் வாத்தியத்தைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். தான் இல்லாதபோது குழந்தை தனியாகச் சாதகம் செய்து, சொல்லிக்கொடுத்ததை ஒரு கணத்தில் கெடுத்துவிடும் என்று. ஆசிரியர் இல்லாதபோதும் குழந்தை மணிக்கணக்கில் பழகலாம் என்பதைத்தான் நம் நண்பர் ஹெட்செட்டின் முதல் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

குறிப்பைப் பார்த்து வாசிப்பதும் கண் வேலைதானே என்ற வாதத்தை எதிர்பார்க்கிறேன். இது கொஞ்சம் கௌரவமான வாதம். பதில் சொல்லியாக வேண்டும். ஐந்து கோட்டில் எழுதிய குறிப்பு சொல்வது ஒலியை. எந்தக் கட்டை, எந்தத் தந்தி என்று அது சொல்வதில்லை. அதே குறிப்பைப் பார்த்துப் பியானோக்காரர் ஓரிடத்தில் தொடுகிறார், வயலின்காரர் வேறிடத்தில் தொடுகிறார், பாடகர் எங்கும் தொடாமல் பாடுகிறார். பட்டை சொல்வது இடத்தை மட்டும். அதைப் பார்த்துப் பாட முடியாது. ஸ்லோபோடா 1970களில் செய்த ஆய்வில், நன்றாகக் குறிப்பு வாசிக்கிறவரின் கண் கைக்கு ஆறேழு ஸ்வரம் முன்னால் ஓடுகிறது, மோசமாக வாசிக்கிறவரின் கண் மூன்று நான்குக்கு மேல் ஓடுவதில்லை என்று தெரிந்தது. அந்த ஓட்டமும் சொற்றொடர் முடிகிற இடத்தில் போய் நிற்கிறது. அதாவது நல்ல வாசிப்பாளர் வாக்கியம் வாக்கியமாகப் படிக்கிறார். உள்ளே கேட்டுவிட்டுக் கையை அனுப்புகிறார். பட்டை கண்ணைத் தொடுகோட்டுக்கே இழுத்துக் கட்டுகிறது. எழுத்துக் கூட்டி வாசிப்பதை வேகமாகச் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு அதற்கு வாசிப்பு என்று பெயர் வைப்பது.

உடனுக்குடன் திருத்தம் கிடைக்கிறதே? கிடைக்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் வெளியிலிருந்து திருத்தம் கிடைத்துக்கொண்டேயிருந்தால் பயிற்சி நேரத்தில் திறமை உயரும், திருத்தத்தை நிறுத்தியதும் இறங்கும், ஏனென்றால் கற்பவன் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் வேலையைச் செய்யவே இல்லை. இப்படி 1984இலேயே சால்மனி, ஷ்மிட், வால்டர் மூவரும் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்து எழுதினார்கள். சங்கீதத்தில் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் உறுப்புக்குத்தான் காது என்று பெயர்.

நம் பக்கத்துக்கு வருவோம். கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) பார்வை இல்லாதவர். கர்நாடகக் கச்சேரியில் புல்லாங்குழலுக்குத் தனி ஆசனம் வாங்கித் தந்தவர் அவர்தான். பல்லடம் சஞ்சீவராவ் அவருடைய சிஷ்யர். கண்–கை ஒத்திசைவு அளவுகோலில் அவருக்கு எத்தனை மதிப்பெண் போடுவார் நண்பர்? தற்காலத்தில் வேண்டுமென்றால், பிறவியிலேயே பார்வையற்ற ஜப்பானியப் பியானோக் கலைஞர் நொபுயுகி சுஜி, 2009இல் வான் கிளைபர்ன் போட்டியில் தங்கப் பதக்கத்தைப் பங்கிட்டுக்கொண்டார். இடக்கைக்கு வேறு, வலக்கைக்கு வேறு என்று பதிவு செய்த ஒலியைக் கேட்டுத்தான் அவர் பாடம் பண்ணுகிறார். விதிவிலக்கான மேதைகள் என்று தள்ள முடியாது. கண் இல்லாமல் இந்தக் கலை சிகரம் வரை போகிறது என்பதுதான் இதில் கிடைக்கும் தகவல். காது இல்லாமல் கற்கத் தொடங்கிய ஒருவரை எனக்குக் காட்டட்டும்.

வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மெட்டுகள் கண்ணுக்கு நேரே வரிசையாக நிற்கின்றன. ஹெட்செட்காரர்களுக்குக் கொண்டாட்டமான வாத்தியம். மெட்டுக்கு மெட்டு ஒளியேற்றலாம். ஆனால் ஒரு மெட்டில் விரலை வைத்துத் தந்தியை இழுத்து, அந்த மெட்டுக்கு உரியதல்லாத ஸ்வரங்களையெல்லாம் அங்கேயே வரவழைப்பதுதான் வீணை. தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை; அந்த அசைவே அதன் உருவம். இழுப்பு எவ்வளவு தூரம், எங்கே தயங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு அளவு காதில் இருக்கிறது. மிருதங்கத்தில் சொல்லை முதலில் வாய்க்குப் பழக்குகிறார்கள். வாயில் நின்றது பிறகு கைக்கு இறங்குகிறது. செவி, வாய், மெய் என்று இந்தப் பாதை பழசுபட்டுப் போனதால் நீடிக்கவில்லை. வேறு வழியில் அந்த நாதம் வராததால் நீடிக்கிறது.

ஒரு வாதத்தை மட்டும் நான் லேசாக ஒதுக்க மாட்டேன். ஆசிரியரே கிடைக்காத ஊரில் இருக்கும் குழந்தை என்ன செய்யும்? கிடைத்தாலும் சம்பளம் கொடுக்க வழியில்லாத குழந்தை? வலிக்கிற கேள்விதான். ஆனால் க்வெஸ்ட் 3 ஹெட்செட் 2023இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது விலை 499 டாலர். அதற்கு மேல் கீபோர்டு. மெட்டா நிறுவனமே 13 வயது என்று வைத்திருந்த வரம்பை அந்த வருஷம்தான் பெற்றோர் மேற்பார்வையில் 10 என்று தளர்த்தியது. காது பழக வேண்டிய ஐந்து, ஆறு, ஏழு வயதில் கருவியைத் தயாரித்தவர்களே கொடுக்காதீர்கள் என்கிறார்கள். அந்த ஊர்க் குழந்தைக்கு ஒரு பழைய ஒலிப்பதிவும் திரும்பத் திரும்பக் கேட்க ஒரு மூலையும் கிடைத்தால் அது இதைவிட ஆசிரியருக்கு அருகில் நிற்கும். மேடைப் பயம் உள்ளவர்களுக்குப் பொய்ச் சபையைக் காட்டிப் பழக்குவதற்கு ஹெட்செட் உதவும் என்றால் உதவட்டும். அங்கே கண்ணுக்கு நியாயமான வேலை இருக்கிறது.

இந்தத் தொழில்நுட்பத்தின் பிள்ளைப்பருவத்தைப் பார்த்தால் எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வருகிறது. கை அசைவைக் கணினிக்குச் சொல்லும் கையுறைக்கு 1982இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த டாம் சிம்மர்மன், கிட்டார் இல்லாமல் காற்றில் விரலை ஆட்டி நிஜ கிட்டார் ஒலி கேட்க வேண்டும் என்ற ஆசையில்தான் அதைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து தொழில் நடத்திய ஜேரன் லேனியர், மெய்நிகர் என்ற கருத்தையே ஊர் முழுக்கப் பரப்பியவர், நிஜத்தில் மூங்கில் குழல் வாத்தியங்களை வாசிக்கிறவர். 1992இல் சிகாகோவில் கையுறை மாட்டிக்கொண்டு இல்லாத வாத்தியங்களை மேடையில் வாசித்தார். அவர்களுடைய ஆசையில் ஒலி முதலில் இருந்தது, கருவி பிறகு வந்தது. அதிலிருந்து ஒலியை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு மிச்சத்தைக் குழந்தைகளுக்கு விற்கிறார்கள்.

நம் சிறு வட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. கவிதையைப் பக்கத்தின் மேல் பரப்பிப் பார்ப்பதில் இருபது வருஷமாக நாம் காட்டிய சிரத்தையில் பாதியை அதை வாய்விட்டுப் படிப்பதில் காட்டியதில்லை. வரி எங்கே மடங்குகிறது என்று கண்ணால் அளக்கப் பழகியவர்களுக்குப் பட்டை எங்கே விழுகிறது என்பது பெரிய விஷயமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. 2013இல் வெளிவந்த ஒரு ஆய்வு: போட்டியில் ஜெயித்த பியானோக்காரர் யார் என்று, ஒலியே இல்லாத படத்தைப் பார்த்தவர்கள், ஒலியை மட்டும் கேட்டவர்களைவிடச் சரியாகச் சொன்னார்கள். தேர்ந்த வித்வான்களும் அப்படியே. நடுவர்களின் காதே இந்த லட்சணத்தில் இருக்கும்போது குழந்தையின் காதைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள்?

நண்பர் பதில் எழுதுவார். எழுத வேண்டும் என்றுதான் நானும் கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒத்திசைவு எத்தனை சதவீதம் உயர்ந்தது என்ற கணக்கு எனக்கு வேண்டாம். அவர் பையனும் ஹெட்செட்டில் கற்கிறான் என்று கேள்வி. ஒரு மாதம் அதை அலமாரியில் வைத்துப் பூட்டட்டும். சாவியை கூப்ரான் மாதிரி அவரே வைத்துக்கொள்ளட்டும். மாதக் கடைசியில் பையனைக் கீபோர்டிடம் கூட்டிப்போகாமல், திண்ணையில் உட்காரவைத்து, கற்றதில் எதையாவது முணுமுணுக்கச் சொல்லட்டும். என்ன கேட்டது என்பதை எழுதினால் போதும். அடுத்த இதழில் இரண்டு பக்கம் காலியாக இருப்பதாக ஆசிரியர் சொல்கிறார்.